நாற்பத்தொன்றுக்கு எட்டு

வோல்கா. எண்பத்து நாலாம் வருஷத்து வண்டி.
ஆம்புலன்ஸாக இருந்தபோது ஒட்டிய சிவப்புச் சிலுவையின் இடம்
கதவில் இன்னும் வெளிறித் தெரியும்.
பின் சக்கரம் இரண்டும் தள்ளும்.
முன் சக்கரம் இரண்டும்
கல்யாண வீட்டு மாமன்மார் போலச்
சும்மா கூட வரும்.

அத்-பாஷிக்கு மேலே மூன்றாவது கொண்டை ஊசி வளைவு.
போன பனிக்காலம் முழுக்க
அங்கேதான் என்னை இறக்கிவிட்டது.
மருந்துப் பையை மாட்டிக்கொண்டு
முழங்கால் பனியில் ஏறிப் போய்
ஊசி போட்டேன், தையல் போட்டேன்.
ஒரு தடவை, நான் போய்ச் சேர்வதற்குள்
பிள்ளை பிறந்து, அழுது முடித்து,
தூங்கியே விட்டது.

கோடையில் சொன்னேன்: முன்னாலும் இழுக்கட்டும்.
கொழுந்தன் தொலோகொன்
ஆட்டுக் கொட்டிலைக் காலி செய்தான்.

கரிப்பாயின் பழைய இரும்புக் கிடங்கில்
உவாஸ் ஜீப்பின் இரண்டு அச்சு,
ஒரு டிரான்ஸ்ஃபர் பெட்டி.
விலை ஒரு கிடாரி, மேலே நாலாயிரம் சோம்.
'ரெண்டும் ஒரே வண்டியில் கழற்றியது'
ரொட்டியைத் தொட்டுச் சொன்னார்.

துரு பிடித்த போல்ட்டுக்கு நெருப்பு காட்டினோம்,
டீசல் ஊற்றினோம், திட்டினோம்.
திட்டியதற்குத்தான் இரண்டு கழன்றது.
தையல் போடுகிற கைக்கு
வெல்டிங் வராதா என்று ராடை வாங்கிப் பிடித்தேன்.
முதல் கோடு, கோழி கிளறிய மண்.
பத்தாவது கோட்டைத் தொலோகொன்
ஒன்றும் சொல்லாமல் சுத்தியால் தட்டிப் பார்த்தான்,
அப்புறம் சுத்தியைக் கீழே வைத்தான்.

அச்சு போய் எண்ணெய்த் தொட்டியில் இடித்தது.
வண்டியை ஒரு சாண் தூக்கினோம்.
இனி மாமியார் ஏற முக்காலி வேண்டும்.

அக்டோபர் கடைசி. எல்லாம் மாட்டியாயிற்று.
எதற்கும் பார்ப்போம் என்று
நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் ஏற்றி
டயரில் சாக்கட்டிக் கோடு போட்டான்.
பின் சக்கரம் ஒரு சுற்று:
தண்டு நாலரைக்குக் கொஞ்சம் மேலே.
முன் சக்கரம் ஒரு சுற்று:
தண்டு ஐந்தைத் தாண்டி நின்றது.
திரும்பவும் சுற்றினோம்.
நான் சுற்ற அவன் எண்ணினான்,
அவன் சுற்ற நான் எண்ணினேன்.
எண் மாறவில்லை.

உள்ளே பிரித்தால் முப்பத்தேழுக்கு எட்டு ஒன்றில்,
நாற்பத்தொன்றுக்கு எட்டு மற்றதில்.
நாலு பல்தான் வித்தியாசம்.
ஒரே பாதையில் ஒன்று ஓட, ஒன்று பிடித்து இழுக்க,
நடுவில் இருக்கிற பெட்டி
பல்லை உடைத்துக்கொள்ளும்.

கரிப்பாயிடம் போனேன்.
'பனியில் எல்லாம் வழுக்கும், தெரியாது' என்றார்.
கிடாரி அவர் முற்றத்தில் நின்று
என்னைப் பார்க்காத மாதிரி புல் மென்றது.
நான் கத்தியதை அங்காடி முழுக்கக் கேட்டது.

எட்டு நாள் கழித்து, விடிவதற்கு முன்
கேட்டோரம் ஒரு கோணிச் சாக்கு.
கிரீஸ் கசிந்திருந்தது.
முப்பத்தேழு பல் வளையம் ஒன்று,
அதன் எட்டுப் பல் குட்டி.
சீட்டு ஒன்றும் இல்லை.
பனியில் ஒரு கால் இழுத்து நடந்த தடம்,
அது கரிப்பாயின் கால்.

மலைமேல் இருக்கிறாள் அவர் மருமகள்.
ஜனவரியில் நாள்.
எண்ணத் தெரியாதவர் இல்லை அவர்.

பல்லில் நீல மை தடவி, சுற்றி,
மை எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து
தகடு சேர்த்தோம், தகடு எடுத்தோம்.
ஒரு முழு வாரம் என் விரல் நீலம்.
ரத்த அழுத்தம் பார்க்க வந்த கிழவர்கள்
எனக்கு என்ன வியாதி என்று விசாரித்தார்கள்.

சோதனைச் சாவடியில் இன்ஸ்பெக்டர்
பதிவுப் புத்தகத்தைப் படித்தார்,
குனிந்து முன் அச்சைப் பார்த்தார்,
திரும்பவும் படித்தார்.
'பின் சக்கர இயக்கம் என்றல்லவா இருக்கிறது?'
'புத்தகம் எண்பத்து நாலில் எழுதியது' என்றேன்,
'பனி நேற்றுப் பெய்தது.'
முத்திரை குத்தவில்லை. கையை மட்டும் அசைத்தார்.

அறுபதில் ஸ்டியரிங் நடுங்குகிறது, உண்மைதான்.
மேட்டில் அறுபது யாருக்கு வேண்டும்?

மூன்றாவது வளைவு.
லிவரை முன்னால் தள்ளினேன்.
அடியில் ஒரு 'டங்'.
முன் சக்கரம் பனியைக் கவ்வியது.

பழக்கத்தில் என் இடது கை
கதவுப் பிடிக்குப் போயிருந்தது.
வண்டி நிற்கவில்லை.